சூடேற்றாத கல்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இடி' என்றால் இடிதான். கல்லை நசுக்கிச் சோதிக்கும் அழுத்த இயந்திரத்தை ஓட்டுபவர். வாயைத் திறந்தால் சண்டை, கையை ஓங்கினால் அடி. வீட்டிலும் அதே லட்சணம். போன வாரம் மனைவியின் உதட்டைக் கிழித்துவிட்டார். அவள் மூட்டை கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தத் தம்பிதான் இதே இயந்திரத்தில் இடிக்குக் கூட்டாளி. எப்படியாவது அவளைத் திரும்பக் கூட்டிவந்துவிட வேண்டும் என்று இடி தவித்துக்கொண்டிருந்தார். அடித்ததற்கு வருந்தினாரா என்றால், அது வேறு சங்கதி.

அன்று வேலை ஆலிவின் கல்லோடு. பூமியின் தோலுக்குக் கீழே, மேன்டில் என்ற அடுக்கு எங்கும் நிறைந்து கிடக்கும் பச்சைக் கனிமம். நன்றாகச் சூடேற்றி அமுக்கினால் பிசைந்த மாவு போல மெல்ல வளைந்துகொடுக்கும்; அழுத்தத்தையும் சட்டென்று இறக்கிவிடலாம். அன்றைய சோதனையோ சூடே இல்லாமல். குளிர்ந்த ஆலிவின் லேசில் மசியாது. நசுங்க நசுங்க உள்ளே சிக்கல் விழுந்து இன்னும் முரண்டு பிடிக்கும். நாம் விட்டாலும் அது விடாது, வாங்கிய அழுத்தத்தை உள்ளே வைத்திருந்து எதிர்ப்பக்கம் தள்ளும். அவசரப்பட்டு அழுத்தத்தை இறக்கினால், கல்லைச் சுற்றி நெருக்கி நிற்கும் கார்பைடு என்ற கடினப் பொருளால் ஆன கட்டைகள் வெடித்துச் சிதறும். அதனால் இயந்திரத்தின் இரும்புக் கதவைச் சாத்திவிட்டு, துளித்துளியாகத்தான் இறக்க வேண்டும்.

"அக்கா என்னடா சொன்னா?" என்றார் இடி.

"வரமாட்டாளாம் மாமா."

"நீ என்ன சொல்லிக் குடுத்த?"

"நான் எதுக்குச் சொல்லணும்? வாங்குன அடி அவளுக்கு மறந்துருமா?"

இடி விட்டார் ஒரு குத்து. மோதிரம் பட்டு மச்சினனின் உதடு இடப்பக்கம் பிளந்தது. அவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு, ஸ்பானரால் அவர் முழங்காலில் ஒன்று போட்டான். இடி அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார், மறுபடியும் மோதினார். அப்போதும் வெறி அடங்கவில்லை. நொண்டிக்கொண்டே போய், சூடேற்றிய நாளில் திறப்பதுபோல, அழுத்தத்தை இறக்கும் வால்வை ஒரே திருகாகத் திருகிவிட்டார். இரும்புக் கதவு திறந்தே கிடந்தது.

"மாமா, குனிங்க!"

மச்சினன் பாய்ந்து அவரைத் தரையில் தள்ளி மேலே விழுந்தான். காதைப் பிளக்கும் சத்தம். கார்பைடுச் சில்லு ஒன்று அவன் தோள்சதையைப் பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் பதிந்தது. இடியின் சட்டை முழுக்க ரத்தம், அவ்வளவும் மச்சினனுடையது.

ஆஸ்பத்திரிக்கு மனைவி அலறியடித்து ஓடிவந்தாள். இடியை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"மெஷின் வெடிச்சிருச்சுக்கா," என்றான் தம்பி. "மாமா மேல தப்பில்ல."

இடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இவன் இல்லன்னா நான் இல்ல. வீட்டுக்கு வா, இனிமே..."

அவள் தம்பியின் உதட்டைத் தொட்டாள். பிறகு தன் உதட்டில், அதே இடப்பக்கம் காய்ந்திருந்த புண்ணைத் தொட்டாள்.

"தோளு மெஷின் பண்ணுனது, சரி. இது?"

மோதிரம் போட்ட இடியின் வலது கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. அதையும் அவள் பார்த்தாள்.

"உள்ளேயே வெச்சுக்கோங்க," என்றாள். "எங்க ரெண்டு பேர்கிட்டயும் அந்தக் கைக்கு இனி வேலை இல்ல."