சுவர்மேல் ஒரு கோணிப்பை

போன வாரம் மகள் தன் வீட்டுச் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். "பத்து நாள்தாம்மா. பால்கனி செடிக்கு தண்ணி விட்டுடு, அஷ்டே" என்றாள். அவ்வளவுதான் என்கிறாள். அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் சுலபம். பாதி வாக்கியத்தில் அந்தப் பக்கம் தாவிவிடுவாள்.

பிளாஸ்டிக் பைகளில் ஆறு தக்காளிச் செடிகள், ஒரு மிளகாய், பெயர் தெரியாத ஏதோ கீரை. சும்மா இருக்கமாட்டாமல் தக்காளியின் பக்கக் கிளை ஒன்றைக் கிள்ளினேன். அந்த இலையின் வாடை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பச்சையும் கசப்புமாக விரலில் ஒட்டிக்கொண்டு, சோப்புப் போட்டாலும் போகாது. ஒரு கையில் அந்த வாடை, இன்னொரு கையில் சாவி. அவ்வளவுதான், முப்பது வருஷம் பின்னால் போய் விழுந்தேன்.

நான் மார்டள்ளிக்காரி. கர்நாடக எல்லையோரத்தில் தமிழ் பேசுகிற கிராமம். அப்பாவுக்கு ராகிக் காடு இருந்தது. கொள்ளேகாலில் பி.யூ.சி. முடித்த கையோடு மைசூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கணவருக்கு ஃபேக்டரியில் ஷிஃப்டு வேலை. வீட்டில் மாமியாரும் நாங்களும் மட்டும்தான். வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்தைத் தாண்டிய சுவருக்குள் ஒரு துண்டு நிலம், மூலையில் ஒரு கொய்யா மரம். தெருப் பிள்ளைகள் கொய்யாவுக்கு ஏறி வருகிறார்கள் என்று சுவரின் தலையில் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்து வைத்திருந்தார் மாமியார். அந்த நிலத்துக்குப் போகவும் வரவும் வீட்டுக்குள் புகுந்துதான் ஆகவேண்டும். வேறு வழி கிடையாது.

வந்த புதிதில் எனக்குப் பேச ஆள் இல்லை. தெருவில் எல்லாரும் கன்னடம், அதிலும் மைசூர்க் கன்னடம். எங்கள் ஊர்க் கன்னடத்தை நான் எடுத்துவிட்டால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். சரி, மண்ணோடாவது பேசலாம் என்று ஒருநாள் கணவரிடம் கத்தரி நாற்று கேட்டேன். மார்க்கெட்டிலிருந்து ஒரு கட்டு வாங்கி வந்தார்.

அங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். வீட்டுத் தோட்டத்துக்கு ஆறு நாற்று போதும், மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காட்டில் வளர்ந்தவளுக்கு நாற்றுக் கட்டு என்றால் கடைசி நாற்றுவரை நட்டாகவேண்டும். எழுபதோ எண்பதோ, துணி துவைக்கிற கல்லைச் சுற்றிக்கூட நட்டேன். ஈரனகெரே கத்தரி, இந்த ஊர்க்காரர்கள் உயிரை விடுகிற பச்சை உருண்டைக் காய். எல்லாம் ஒரே நாளில் நட்டதால் எல்லாம் ஒரே வாரத்தில் காய்த்தது. மூன்று பேர் இருக்கிற வீட்டில் கூடை கூடையாகக் கத்தரிக்காய்! காலையில் கொத்சு, மத்தியானம் சாம்பார், ராத்திரி வதக்கல். நான்காம் நாள் கணவர் தட்டைப் பார்த்துவிட்டு எழுந்து கைகழுவப் போய்விட்டார்.

மாமியார் மட்டும் கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். "எங்க மருமக வளத்தது. அவ கை வெச்சா மண்ணே காய்க்கும்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். இதைக் கேட்க எனக்கு எவ்வளவு இனித்தது என்கிறீர்கள்! அதற்குப்பின் தெருவே எங்கள் வீட்டை எதிர்பார்க்க ஆரம்பித்தது. கோயில் அன்னதானத்துக்கு மாதாமாதம் காய் தருவதாக மாமியார் ஒப்புக்கொண்டார். கத்தரிக்குப் பின் பீன்ஸ், அப்புறம் தக்காளி, குளிர் காலத்துக்கு அவரைப் பந்தல். சுவரோரம் சௌசௌ என்கிற சீமைக் கத்தரிக் கொடி.

அம்மாவைப் பார்க்க மார்டள்ளிக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்பேன். மாமியார் ஒருநாளும் கூடாது என்று சொன்னதில்லை. "தாராளமா போயிட்டு வாம்மா. தண்ணிக்கு என்ன பண்ணறது?" என்பார், அவ்வளவுதான். அவருக்கு மூட்டுவலி, குடம் தூக்க முடியாது. கணவரிடம் போனால் "அம்மாவ கேளு" என்பார். பொழுது விடிந்து பொழுது போனால் அந்த நாலு சுவர். ராத்திரி படுத்தால் விரலில் தக்காளி வாடை. சில நாட்கள் அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல வெறுப்பு வரும்.

அப்போதுதான் ஒரு பள்ளிக்கூட ஆபீசுக்கு எழுத்து வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து, யாரிடமும் சொல்லாமல் ஒரு மனு போட்டேன். வரச்சொல்லிக் கடிதம் வந்தது. சனிக்கிழமை பத்தரை மணிக்கு. கடிதத்தை அரிசி டப்பாவில் ஒளித்துவைத்து எத்தனை தரம் எடுத்துப் படித்தேனோ தெரியாது. அந்த வேலை கிடைத்தால் தினமும் கதவைத் தாண்டலாம், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மாமியாரிடம் சொன்னேன்.

"நாளைக்கு ஒரு எடத்துக்கு வேலை கேட்டுப் போயிட்டு வந்தர்றனுங்க அத்தெ."

"ஹௌதா, அப்படியா? போம்மா, யாரு வேண்டாங்கறாங்க. தண்ணி விட்டுட்டு போ" என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் கணவர் ஷிஃப்டுக்குப் போனார். மாமியார் ஸ்ரீரங்கப்பட்டணம் கோயிலுக்குப் புறப்பட்டார். நான் நல்ல சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். நான் தோட்டத்தில் இருக்கும்போது அவர் வெளியே போனால் வாசல் கதவை வெளியே பூட்டுவது வழக்கம். பின்னால் இருப்பவளுக்கு முன்னால் யார் நுழைந்தாலும் தெரியாதே! ஒன்பதரைக்குக் கை கழுவி, தலை வாரி, கதவை இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். பிறகுதான் புரிந்தது.

கத்தினேன், ஒருவரும் வரவில்லை. ஜன்னலுக்கெல்லாம் கம்பி. பின்பக்கம் ஓடி, கோணிப்பை ஒன்றை நாலாக மடித்துச் சுவர்மேல் கண்ணாடிச் சில்லுகளின்மேல் வீசிப் போட்டு, கொய்யா மரத்தில் ஏறினேன். காட்டில் புளியமரம் ஏறியவளுக்குக் கொய்யா ஒரு பொருட்டா? கோணிமேல் ஒரு காலை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கீழே சந்து, அதைத் தாண்டி ரோடு, பஸ் போவதுகூடத் தெரிந்தது. குதித்தால் முடிந்தது.

சந்தில் எதிர்வீட்டு அம்மா வந்து நின்றார். கையில் பை. முகமெல்லாம் சிரிப்பு.

"சீபேகாயி கீள்த்தா இத்தீரா? நமகூ எரடு கொடி" என்றார். கொய்யா பறிக்கிறாயா, எங்களுக்கும் ரெண்டு கொடு என்கிறார்.

பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள், இறக்கிவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பட்டுச்சேலையில் சுவர்மேல் குதிரை ஏறிய மாதிரி உட்கார்ந்திருக்கும் மருமகள் ஓடிப்போகிறாள் என்று நினைத்துவிடுவாரோ, மாமியார் பெயர் கெட்டுப்போகுமோ என்று வாய் வரவில்லை. "ஹௌது" என்று தலையாட்டினேன். கைக்கெட்டியதையெல்லாம் பறித்து அவர் பையில் போட்டேன். பை நிறைந்தும் அவர் போகவில்லை. கீழே நின்று பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்தப் பக்கக் காலை இந்தப் பக்கம் எடுத்துப்போட்டு, தோட்டத்துக்குள்ளேயே இறங்கிவிட்டேன். மணி பத்தரையைத் தாண்டியிருந்தது. அவரைப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன்.

மத்தியானம் கதவைத் திறந்த மாமியார் என் முகத்தைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். "அய்யோ தேவரே, கை பழக்கத்துல பூட்டிட்டேனே! உன்ன மறந்தே போயிட்டனே தாயீ" என்று அவரும் அழுதார். நிஜமாகவே மறந்துதான் போயிருந்தார். மறுநாளே இன்னொரு சாவி செய்து உள்பக்கம் ஆணியில் மாட்டினார்.

இதற்குப்பின் நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து இன்னொரு பள்ளியில் ஆள் எடுப்பதாகக் கணவரே வந்து சொன்னார். பந்தல் நிறைய அவரைப் பூ. "தண்ணிக்கு யாருங்க இருக்காங்க?" என்று நானே கேட்டேன். என் வாயில் மாமியார் குரல்! அந்தச் சாவியை நான் எடுக்கவே இல்லை, ஆணியிலேயே துருப்பிடித்தது.

நேற்று எனக்கு முழங்கால் வலி. மகளுக்கு போன் போட்டு, இன்றைக்கு வரமுடியாது போலிருக்கிறது, செடி வாடிவிடுமே என்று புலம்பினேன்.

"காஞ்சா காயட்டும் விடும்மா. செடிதானே" என்றாள். சொல்லிவிட்டு வேறு ஏதோ பேசப் போய்விட்டாள்.

போனை வைத்தேன். அப்புறம் வலியோடே பஸ் ஏறி அந்தப் பழைய தெருவுக்குப் போனேன். மாமியார் காலமானபின் விற்ற வீடு. இப்போது அங்கே நாலு மாடி நிற்கிறது. கத்தரி நட்ட இடமெல்லாம் சிமெண்ட், கொய்யா இருந்த மூலையில் ஒரு வெள்ளைக் கார். சந்துப் பக்கத்துச் சுவரைக் கார் வந்துபோக இடித்துவிட்டிருந்தார்கள். நான் கோணி போட்டு உட்கார்ந்த இடம் இப்போது வழி.

அதன் வழியாக உள்ளே போனேன். திரும்பி வெளியே வந்தேன். இன்னொரு தரம் போய் வந்தேன். "யாரு பேக்கு மேடம்?" என்று காவல்காரர் எழுந்து வந்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு நடந்தேன்.

தக்காளிக்கு நேற்று தண்ணீர் விடவில்லை.