சுவரேறிய உண்ணி

என் சித்தி தையல்காரி. ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேடுவாள். வீட்டு நாய் மேல் ஊரும் உண்ணி மட்டும் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

நான் நெடும்பயணம் முடித்து அவள் வீட்டுக்கு வந்த வாரம், சித்தப்பா கெடு வைத்திருந்தார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள உண்ணி போகலைன்னா நாய் போயிடும்."

சித்தி தினமும் மருந்து சோப்பு போட்டு நாயைக் குளிப்பாட்டியும் உண்ணி ஓயவில்லை. சனிக்கிழமை காலை, ரத்தம் குடித்துப் பட்டாணியாய் உப்பிய ஒன்று நாயின் காதிலிருந்து தரையில் விழுந்தது. நசுக்கப் போன என்னைச் சித்தி தடுத்தாள்.

"சும்மா இருடி. எங்க போகுதுன்னு பாப்போம்."

இருவரும் தரையில் உட்கார்ந்து காத்திருந்தோம். அது மெல்ல ஊர்ந்து சுவரேறி, சித்தப்பாவின் படத்துக்குப் பின்னால் நுழைந்தது. சித்தி படத்தைக் கழற்றினாள். பின்னால் சுவர் விரிசல் நிறைய முட்டைகள். கடுகைவிடச் சின்னதாக, ஆயிரக்கணக்கில்.

"முட்டையெல்லாம் சுவத்துல. நான் நாயைத் தேய்ச்சுத் தேய்ச்சு என்ன பிரயோஜனம்?"

சித்தப்பா எட்டிப் பார்த்தார். "எப்படியோ, நாயை அனுப்பிட்டா சரியாப் போயிடும்."

"அனுப்புங்க. நாளைக்கு இதெல்லாம் பொரிஞ்சு வந்து நாயைத் தேடும். நாய் இல்லைன்னா வீட்டுல வேற யார் இருக்கா? நீங்கதான் இருக்கீங்க."

சித்தப்பா காலைச் சொறிந்துகொண்டார். பிறகு விரிசலை அடைக்கச் சிமெண்ட் வாங்கக் கிளம்பினார். சித்தி அடுத்த விரிசலைச் சுரண்ட ஆரம்பித்திருந்தாள்.