சிவப்புக் கோடு வராத சீட்டு

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மூக்கு வெறும் அலங்காரம். வியாசர்பாடியிலிருந்து மணலி புதுநகர் வரை காலையில் ஓர் ஆலையின் வாடை, மதியம் வேறோர் ஆலையின் வாடை. காற்று திரும்பினால் ஜன்னலைச் சாத்துவோம், அவ்வளவுதான். இது என்ன வாடை என்று யாரும் கேட்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு எல்லோரும் இதைத்தான் காரணம் என்றார்கள்.

மணலி புதுநகரை ஒட்டிய ஒரு கண்டெய்னர் யார்டில் நைனா கதவு திறக்கும் வேலை பார்த்தார். துறைமுகத்திலிருந்து டிரெய்லரில் வரும் பெட்டியின் சீல் முத்திரையை உடைத்து, கதவைத் திறந்து, முதல் ஆளாக உள்ளே போய்ப் பார்ப்பவர் அவர். அதே யார்டின் ஆபீஸில் நான் புரோகிராம் எழுதினேன். வேலை வாங்கித் தந்ததும் நைனாதான். "எம் பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சிக்கீது சார், ஒருவாட்டி பாருங்கோ" என்று மானேஜரை நச்சரித்தே உள்ளே நுழைத்துவிட்டார்.

கப்பல் கம்பெனி ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு அனுப்பும். பெட்டியின் எண், எடை, உள்ளே என்ன, ஆபத்தான சரக்கா என்பதெல்லாம் பெயர் ஒட்டி வரிசையாக இருக்கும். அதைப் படித்து ஒவ்வொரு பெட்டியையும் ஜாவா என்ற கணினி மொழியில் ஓர் ஆப்ஜெக்டாக, புரோகிராமுக்குப் புரியும் தகவல் அட்டை மாதிரி, மாற்றுவது என் வேலை. கோப்பில் உள்ள எந்தப் பெயர் ஆப்ஜெக்டில் எங்கே போய் உட்கார வேண்டும் என்று சொல்ல, புரோகிராமுக்குள் அங்கங்கே சின்னக் குறிப்புகள் எழுதுவோம். அனொட்டேஷன் என்பார்கள்.

அந்த ஆப்ஜெக்டிலிருந்துதான் யார்டு ஆட்களுக்குச் சீட்டு அச்சாகும். ஆபத்தான சரக்கென்றால் சீட்டின் குறுக்கே தடித்த சிவப்புக் கோடு. கோடு இருந்தால் முகமூடி மாட்டிக் கதவைத் திறந்துவிட்டு, காற்று வரும் பக்கமாக அரை மணி நேரம் தள்ளி நிற்பார்கள். இல்லாவிட்டால் நேராக உள்ளே. மூக்கை நம்ப முடியாத ஊரில் வேறெதை நம்புவது? சீட்டை நம்பினார்கள்.

அன்று கப்பல் கம்பெனி அந்த ஆபத்துக்கான பெயரைக் கோப்பில் மாற்றியிருந்தது. புதுப் பெயரை ஓர் அனொட்டேஷனில் எழுதினேன். எழுதிய இடம் தப்பு. தகவலை வைக்கும் இடத்தில் ஒன்று, அதை எடுத்துத் தரும் ஃபங்ஷனில் ஏற்கெனவே ஒன்று என்று ஒரே விஷயத்துக்கு இரண்டு வழி ஆகிவிட்டது. ஒரே பெயரில் இரண்டு இருக்கின்றன என்று பிழை காட்டிவிட்டுப் புரோகிராம் படுத்துக்கொண்டது. சீட்டு வரவில்லை. கேட்டில் டிரெய்லர்கள் ஹாரன் அடித்துத் தொலைத்தன. மானேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இன்னாம்மா, ஆச்சா? புரிஞ்சிதா இன்னா பிராப்ளம்னு?"

"இதோ, ஆச்சு சார்."

ஒரு மண்ணும் புரியவில்லை. பிழைச் செய்தி மறைந்தால் போதும் என்றிருந்தது. இரண்டில் ஒன்றின் தலையில், இதைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லும் இன்னோர் அனொட்டேஷனை ஒட்டினேன். பிழை போயிற்று. பிரிண்டர் சீட்டுகளைக் கக்க ஆரம்பித்தது. மானேஜர் சபாஷ் என்றார். நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி இளித்தேன். வர வேண்டிய சீட்டில் கோடு வருகிறதா என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

இரண்டு வழிகளில் நான் அடைத்தது, புதுப் பெயர் தெரிந்த வழியை. மிச்சமிருந்ததற்குப் பழைய பெயர் மட்டும்தான் தெரியும். கோப்பில் ஆபத்து என்று எழுதியிருந்ததை வாங்கிக்கொள்ள ஆளில்லை. ஆம், இல்லை என்று மட்டும் சொல்லத் தெரிந்த அந்த இடத்துக்கு யாரும் எதுவும் சொல்லாவிட்டால், 'இல்லை' என்றே வைத்துக்கொள்ளும். தெரியவில்லை என்று சொல்ல அதற்கு வராது. மானேஜர் கேட்டபோது எனக்கும் வரவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், கோடில்லாத சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நைனா ஒரு பெட்டிக்குள் போனார். உள்ளே ஒரு பீப்பாய் கசிந்திருந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவரை வெளியே இழுத்துத் தரையில் கிடத்தியிருந்தார்கள். மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். பையில் சீட்டு கசங்காமல் இருந்தது. எடுத்துப் பார்த்தேன், எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாளே சரிசெய்தேன். ஒட்டியதை எடுத்துவிட்டு, புரோகிராமின் அந்தப் பகுதிக்குத் தலையில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதுமாக இருந்தது. அந்த ஒரு வரியைப் பார்த்துப் பார்த்து அழுதேன். நைனாவின் நுரையீரலுக்கு அப்படி ஒரு வரி இல்லை. வியாசர்பாடியில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. இப்போது ஏழெட்டுப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்துதான் ஏறுகிறார். "மூலக்கொத்தளம் சுடுகாட்டுல எடம் போட்டு வெச்சிட்டானுங்கோன்னு நென்ச்சேன்" என்று பார்க்க வருபவர்களிடம் சிரிக்கப் பார்ப்பார். சிரிப்பு இருமலில் முடியும்.

மானேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "இப்ப சரிபண்ட்ட இல்ல? அத்தோட வுடும்மா" என்றார். நாலைந்து நாள் கழித்து ஒரு கடிதத்தைத் தந்து, கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். வாடை வந்தும் கவனிக்காமல் உள்ளே போனது தன் தவறுதான் என்று நைனாவே எழுதியதுபோல் டைப் அடித்திருந்தது.

வீட்டில் அதை அவர் முன்னால் வைத்தேன்.

"நைனா, அது கோடு வரவேண்டிய சீட்டு. நான்தான் வராம பண்ணிட்டேன்."

கடிதத்தைத் தள்ளி வைத்தார்.

"வேணும்னா பண்ண?"

"இல்ல நைனா."

"மானேஜருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப வேற யாராண்டயும் சொல்லிகினு திரியாத. வேல பூடும்." இருமி முடித்துவிட்டு, கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வாடை வந்துகினுதான் இருந்துச்சி. இங்க எப்பதான் வரல? பேனா குடு. எங்க போடணும், காட்டு."

கிழித்துப் போட்டிருக்கலாம். நான் விரலை வைத்து இடத்தைக் காட்டினேன்.