அம்மனுக்குத் தெரிந்த பரீட்சை

சித்தி அப்பாவின் எதிரில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அவர் உள்ளே வந்தால், சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். கந்தப்பளைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில், நல்ல பெண்ணுக்கு அதுவே அடையாளம்.

அக்கா அப்போது பதினோராம் வகுப்பு. வருடக் கடைசியில் ஓ.எல். பரீட்சை. அம்மன் கோயில் திருவிழா முடிந்ததும் அவளைக் கொழும்புக்கு அனுப்புவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். டவுனில் கடை வைத்திருந்த சிங்கள நோனாவின் கொழும்பு மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அக்கா அழுதாள். அம்மா சமாதானம் சொன்னார். அதே வயதில் கொழும்பு வீடொன்றில் பாத்திரம் கழுவியவரான சித்தி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

தேர் எங்கள் லயத்து வாசலுக்கு வந்தபோது சித்திக்குச் சாமி வந்தது. கூந்தல் அவிழ்ந்தது. தப்பு மேளம் வேகமெடுத்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேரே அப்பாவின் முன் வந்து நின்றார்.

"டேய்! என் புள்ளைய எங்கடா அனுப்புற?"

அப்பா கைகூப்பினார். "கொழும்புக்கு, தாயி..."

"அவ ஓ.எல். எழுதாம இந்த மலைய விட்டு எறங்கக் கூடாது. எறக்கிப் பாரு, இந்தத் தேரு ஒரு அடி நகராது!"

"சரி தாயி, சரி தாயி" என்று அப்பா மண்ணில் விழுந்தார். வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் பெண்களை அதட்டி வரிசையில் நிறுத்தும் கங்காணியும், எதற்கும் இருக்கட்டும் என்று, கூடவே விழுந்தார்.

தேர் பார்க்க வந்திருந்த நோனா செருப்பைக் கழற்றினார். "பத்தினி மெனியோ!" என்று தன் வீட்டில் கும்பிடும் பத்தினித் தாயை அழைத்துக் கையெடுத்தார். பிறகு அப்பாவிடம், "பத்தினி அம்மா சொன்னா முடிஞ்சது. பேபிய நான் போய்ப் பாக்குறது" என்றார்.

மறுநாள் சித்திக்குத் தொண்டை கட்டியிருந்தது. அப்பாவுக்குப் பிளேன்டீ வைத்துவிட்டு, தலை குனிந்தபடி கொழுந்தெடுக்கக் கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"சித்தி, அம்மனுக்கு ஓ.எல். எப்புடித் தெரியும்?"

"அவளுக்குத் தெரியாதது என்னடி இருக்கு? போ, போயிப் படி."

பெரியவளானதும் அம்மன் ஆகிவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன். கோயிலுக்குப் போகும்போதெல்லாம் சிலையின் முகத்தையே வியந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் நிற்கும் சித்தியைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.