வலப்பக்கக் கதவின் குழாய்

கொக்குவிலில் எங்கள் வீட்டு மதிலுக்கும் கிணற்றடி வேப்பமரத்துக்கும் இடையே நான்கடி நீளத்தில் ஓர் இரும்புக் குழாய் இருக்கிறது. நீலப் பூச்சு, இரு முனைகளிலும் துளையிட்ட தகடுகள். அம்மா அதில்தான் உடுப்புக் காயப் போடுகிறார். இப்போது தொங்குபவை என் மகனின் சட்டைகள். அண்ணையின் கொட்டிலில் சும்மா கிடந்த சாமான் என்று நினைத்து, மேசனைக் கொண்டு அம்மாதான் அதைப் பூட்டுவித்தார். அது எதற்குச் செய்தது என்று எனக்குத் தெரியும். ஆறு வருடமாகியும் நான் சொல்லவில்லை.

அண்ணை வங்கியில் வேலை பார்த்தார். சனி ஞாயிறு முழுவதும் அவருடைய பழைய இரண்டு கதவுக் காருக்கு அடியில் கிடப்பார். தெற்கே ஒரு பந்தயத் திடலை வருடத்தில் இரண்டு மூன்று நாள் பொதுவில் திறந்துவிடுவார்கள். விரும்பியவர்கள் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டலாம். போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. அதற்குப் போகிற மற்றவர்கள் முதலில் எஞ்சினில் கைவைப்பார்களாம். அண்ணை அதைத் தொடவே இல்லை. முதலில் பிரேக்கை மாற்றினார். பிறகு நல்ல ரயர், பிறகு வளைவில் கார் சரியாமல் இருக்க இறுக்கமான ஸ்பிரிங். எங்கள் வீதியில் அவரைச் சைக்கிள்காரரும் முந்திப்போவார்கள். அப்படிப்பட்ட மனிதருக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. கடைசியாக உள்ளே கூரையைத் தாங்க ஓர் இரும்புக் கூடு பூட்டினார். இரண்டு கதவுகளுக்கும் குறுக்கே ஒவ்வொரு குழாய். யாராவது பக்கத்தில் வந்து இடித்தாலும் கதவு உள்ளே நெரிந்து வராது. மாமா எட்டிப் பார்த்து, "உதென்ன, கோழிக்கூடோ?" என்றார். "ஓம் மாமா, கோழி பத்திரமாய் வீட்டை வரவேணுமெல்லே," என்றார் அண்ணை. எல்லோரும் சிரித்தோம். முழங்கால் வருத்தக்காரியான அம்மா மட்டும் அந்தக் காரில் ஒருநாளும் ஏறியதில்லை.

என் கலியாணத்துக்கு வாடகைக் கார் பிடிப்போம் என்றுதான் அண்ணை சொன்னார். நான் கேட்கவில்லை. தாலி கட்டியதும் அவருடைய காரில்தான் மாப்பிள்ளை வீட்டுக்குக் கால்மாறிப் போவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். ஆனால் வலது காலை எடுத்து வைத்து ஏறவேண்டிய நாளில், கூறைச் சேலையோடு ஓர் இரும்புக் குழாயைத் தாண்டிப் பாய முடியுமா? அதையும் நானே கேட்டேன். மாப்பிள்ளையும் மற்றப் பக்கத்தால் ஏற வசதியாக அண்ணை இரண்டு குழாய்களையும் கழற்றி வைத்துவிட்டு, காரைப் பூவால் சோடித்தார்.

கலியாணம் முடிந்து விருந்துகள் தொடங்கின. ஒவ்வொரு சொந்தக்காரர் வீட்டுக்கும் அந்தக் காரில்தான் போனோம். திடல் திறக்கும் சனிக்கிழமை நெருங்கியதும் அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார். "பிள்ளை, வியாழக்கிழமை கார் வேணும். குழாய் பூட்டவேணும்."

"இன்னும் ஒரு வீடுதான் அண்ணை. போகாட்டில் சித்தி கோவிப்பா," என்றேன்.

சித்தி வீடு கீரிமலையில். நண்டுக் கறி வைத்திருந்தார். நான் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். வெள்ளி மத்தியானம்தான் காரைத் திருப்பிக் கொடுத்தோம். அன்று பின்னேரமே அண்ணை புறப்பட வேண்டும். ஒரு குழாயைப் பூட்டுவதென்றால் இருக்கையைக் கழற்ற வேண்டும், துளைகளைச் சரிபார்க்க வேண்டும். அவர் முகம் சுளிக்கவில்லை. சித்தி என்ன சமைத்தார் என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் திடலில், ஒரு வளைவில் வேறொரு கார் பிடி தவறி வந்து அண்ணையின் வலப்பக்கக் கதவில் மோதியது. அண்ணை அந்த இடத்திலேயே போய்விட்டார். கூடப் போய் இடப்பக்க இருக்கையில் இருந்த அவருடைய நண்பருக்குக் கை மட்டும் முறிந்தது. முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக் கிரியைக்கு அதே கீரிமலைக்குப் போனபோது அவரும் கட்டுப்போட்ட கையோடு வந்திருந்தார். என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"ஒரு குழாய் பூட்டத்தான் நேரம் இருந்தது தங்கச்சி. உன்ரை பக்கம் பூட்டடா எண்டு சொன்னனான். கேக்கேல்லை. 'நீ பிள்ளை குட்டிக்காரன், உன்ரை பக்கம் இருக்கட்டும்' எண்டு என்ரை பக்கத்துக்குப் பூட்டினவன்."

மற்றக் காரை ஓட்டியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் மேல் இருக்கிறது. என் கணவருக்கும் எல்லாம் தெரியும். நாங்கள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. நண்டுக் கறி மட்டும் எங்கள் வீட்டில் சமைப்பதில்லை. அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் திவசத்தன்று நினைக்கிறேன். சொன்னால் அவருக்கு மகளும் இல்லாமல் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

போன கிழமை நானும் அம்மாவும் தோய்த்த உடுப்புகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தோம். ஈரம் சொட்டச் சொட்ட இரண்டு தடித்த போர்வைகளை அவர் ஒன்றாகவே அந்தக் குழாயில் போட்டார். அது கொஞ்சமும் வளையவில்லை. அம்மா அதைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"நல்ல இரும்பு பிள்ளை. என்ன பாரமெண்டாலும் தாங்கும்."

"ஓம் அம்மா," என்று சொல்லிவிட்டு, வாளியிலிருந்து மகனின் சட்டையை எடுத்துப் பிழிந்தேன்.