காலிக் குடிலுக்கு ஒரு பெயர்

டிசம்பர் பிறந்தாலே எனக்கு எரிச்சல் தொடங்கிவிடும். காலையில் சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நடக்கப் போனால் யாராவது ஒருவர் எதிரில் வந்து கையைப் பிடித்துக்கொள்வார். "சார், நேத்து மறுபடியும் உங்க படம் போட்டாங்க. அந்தக் காலிக் குடில் சீன் இருக்கே, என்னா திங்கிங் சார்!" அது என் யோசனை இல்லை என்பேன். "இதான் சார் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது, தன்னடக்கம்" என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டுவார். இருபது வருஷத்துக்கு மேலாக இதே கூத்துதான்.

தியேட்டருக்கு வந்த படம் இல்லை அது. தொலைக்காட்சிக்காக எடுத்த இரண்டு மணி நேரப் படம். அப்போது நான் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே நாடகங்களுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். இதற்குக் கதையும் என்னுடையதே. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான், அம்மா காத்திருக்கிறாள். அவ்வளவுதான். அதை ஒவ்வொரு டிசம்பரிலும் போடுகிறார்கள். எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் வெள்ளைத் துணி கட்டிப் போடுகிறார்கள். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் கிறிஸ்துமஸ் குடிலும் கிடையாது, ஸ்டாரும் கிடையாது. ஆனால் முக்கால்வாசி வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அந்தப் படம் ஏன் ஓடுகிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

படம் எடுத்தது மே மாதத்தில். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. கேரல் பாடுகிறவர்களுக்கு ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் மாட்டிவிட்டிருந்தார்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் இரண்டு பேர் மயங்கி உட்கார்ந்துவிட்டார்கள். இயக்குநருக்குப் பனி வேண்டுமாம். தாம்பரத்தில் ஏது பனி என்று நான் கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெர்மாகோலைத் தூளாக்கித் தூவினார்கள், அது வியர்வையில் எல்லார் முகத்திலும் ஒட்டிக்கொண்டது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு மின்சார ரயில். அது ஓய்ந்தால் தலைக்கு மேல் விமானப்படைப் பயிற்சி விமானம். அம்மா வேஷம் போட்டவர் அழ ஆரம்பித்தாலே மேலே ஏதாவது பறக்கும்.

குடிலை அமைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. "கதை எழுதினவருக்குத் தெரியாததா" என்று விட்டுவிட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வீட்டு நவராத்திரி கொலு. ஆகவே மூன்று படி கட்டினேன். கீழ்ப்படியில் ஆடு மாடு, நடுவில் இடையர்களும் ராஜாக்களும், மேல்படியில் மாதா, சூசையப்பர், நடுநாயகமாக வைக்கோல் மேல் குழந்தை இயேசு. அழகாகத்தான் இருந்தது. செட்டு போடுகிற அனகாபுத்தூர்க்காரர் கூட, "சூப்பரா கீது சார், சுண்டல் மட்டும்தான் பாக்கி" என்றார்.

அந்த வீட்டுச் சொந்தக்கார அக்கா காப்பி கொண்டு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். ரயில்வேயில் வேலை பார்த்த கணவர் இறந்த பிறகு, வாடகைக்காக வீட்டைப் படப்பிடிப்புக்கு விட்டிருந்தார்.

"இன்னா தம்பி இது, படிக்கட்டெல்லாம்? சரி, அது போவட்டும். குழந்தைய யாரு இப்பவே வெச்சது?"

"ஏன்க்கா?"

"இன்னும் பொறக்கவே இல்லியே தம்பி! ராத்திரி பன்னெண்டு அடிச்சாத்தான் வெப்போம். அதுவரைக்கும் வைக்கோல் காலியாத்தான் இருக்கணும்."

சொன்னதோடு நிற்கவில்லை. காப்பித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, குழந்தையின் சொரூபத்தை எடுத்து முந்தானையில் சுற்றி, உள்ளே போய் அரிசி டிரம்முக்குள் வைத்து மூடினார். அதற்கு முன் ஒரு முறை அதன் நெற்றியைத் துடைத்துவிட்டார். அதைப் பார்த்த இயக்குநர் "இதையே எடுக்கறோம்" என்று சத்தம் போட்டார். அரை மணி நேரத்தில் படத்தின் அம்மா அதே முந்தானை, அதே டிரம், அதே துடைப்பு என்று அத்தனையையும் செய்தார். நான் உட்கார்ந்து மிச்சத்தை எழுதினேன். பன்னிரண்டு அடிக்கிறது, மகன் வரவில்லை. அம்மா குழந்தையை வைக்கவில்லை. காலிக் குடிலுக்கு முன்னால் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாள். விடியலில் மகன் வருகிறான். சொரூபத்தை அவன் கையில் கொடுத்து வைக்கச் சொல்கிறாள். ஊர் அழுகிற இடம் இதுதான்.

அந்தக் காட்சியைக் கொடுத்தவர் பெயர் படத்தில் எங்கேயும் இல்லை. என் பெயர் இருக்கிறது, பெரிய எழுத்தில். இது என்னை உறுத்தாமல் இருந்ததே இல்லை. எங்கே பேசக் கூப்பிட்டாலும் அந்த அக்காவைப் பற்றிச் சொல்வேன். கைதட்டுவார்கள், எனக்கு! மறுநாள் யாரோ வாட்ஸாப்பில் என் புகைப்படத்தைப் போட்டு "எளிமையின் சிகரம்" என்று எழுதுவார்கள். தலையில் அடித்துக்கொள்வேன்.

போன வருஷம் ஒரு வாய்ப்பு வந்தது. படத்தைச் சுத்தம் செய்து இணையத்தில் வெளியிடப் போவதாக ஒரு நிறுவனத்திலிருந்து கூப்பிட்டார்கள். டைட்டிலைப் புதிதாகப் போடப் போகிறார்கள் என்று கேட்டதும் பிடித்துக்கொண்டேன். அக்காவின் பெயர் வர வேண்டும், நன்றிப் பட்டியலில் சமையல்காரருக்கும் வேன் டிரைவருக்கும் நடுவில் இல்லை, தனியாக, 'காலிக் குடில் காட்சி' என்று எழுதி அதன் கீழே. போனில் பேசிய பெண் பொறுமைசாலி. "பழைய டைட்டில்ல இல்லாத பேரைச் சேர்க்க புரொட்யூசர் கையெழுத்து வேணும் சார்" என்றாள். நான் எழுதிய கடிதங்களைச் சேர்த்தால் இன்னொரு படம் எடுக்கலாம்.

தயாரிப்பாளர் இப்போது கூடுவாஞ்சேரியில் மனை விற்கிறார். மூன்று முறை போனேன். முதல் முறை ஆள் இல்லை. இரண்டாம் முறை இருந்தார், பேனா எடுப்பதற்கு முன் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் லேஅவுட்டைச் சுற்றிக் காட்டினார். வெயிலில் ஒவ்வொரு எல்லைக் கல்லாக நின்று பார்த்தேன். "கார்னர் பிளாட்டு சார், உங்களுக்காக நிறுத்தி வெச்சிருக்கேன்." கையெழுத்து? "அதுக்கென்ன சார், போட்டுடலாம்." மூன்றாம் முறை போட்டார். போடும்போது, "அந்த அக்காவா? வாடகைதான் கொடுத்துட்டமே" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

டிசம்பர் மூன்றாம் வாரம் அந்தப் பெண் கூப்பிட்டு, பெயர் சேர்த்தாகிவிட்டது என்றாள். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. ஒரு பிளம் கேக் வாங்கிக்கொண்டு கிழக்குத் தாம்பரம் போனேன். ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனை மேடையில் அவரைப் பற்றிப் பேசியிருக்கிறேனே தவிர, அந்த வீட்டுப் படியேறி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. சொல்லாமல் செய்து அசத்த வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அக்கா மூட்டு வலியோடு நாற்காலியில் உட்கார்ந்து பழைய குடில் பொம்மைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"வேணாம் தம்பி. எடுத்துடச் சொல்லுங்க."

தன்னடக்கம் என்றுதான் நானும் நினைத்தேன். எவ்வளவு அலைந்தேன் தெரியுமா என்று ஆரம்பித்தேன்.

"நீங்க ஷூட்டிங் எடுக்க வந்தப்ப எம் பெரியவன் கோச்சிக்கினு வூட்ட விட்டுப் போயி ரெண்டு கிறிஸ்மஸ் ஆயிருந்திச்சு. உங்களுக்குத் தெரியாது, நான் சொல்லல. ரெண்டு வருஷமும் வாசல்ல ஒரு கண்ணு வெச்சிகினுதான் இருந்தேன். ஆனா பன்னெண்டு அடிச்சப்ப வெச்சிட்டேன் தம்பி. அழுதுகினேதான் வெச்சேன். அவன் வரலன்னு ஆண்டவர அரிசி டிரம்முலயா போட்டு வெப்பேன்?"

கையிலிருந்த கேக் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"உங்க படத்துல அந்தம்மா வெக்கல. புள்ளைதான் பெரிசுன்னு உக்காந்துகினு கீறா. படம் வந்த வருஷமே எங்க கோயில் பங்குல ஒருத்தி கேட்டா, 'நீயும் அப்டித்தான் வெக்காம இருந்தியா'ன்னு. என் வூடு, என் டிரம்மு, என் புள்ள போனதும் எல்லாருக்கும் தெரியும். இன்னா சொல்றது? வருஷா வருஷம் யாருனா கேக்கறாங்க. இப்ப என் பேரையும் போட்டீங்கன்னா, அவ நான்தான்னு ஆயிடும்."

மகன் பிறகு வந்தானா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சுவரில் ஓர் இளைஞனின் பழைய புகைப்படம் மட்டும்தான் இருந்தது, அதற்குப் பிறகு எடுத்தது எதுவும் இல்லை.

வாசலுக்கு வந்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "சார், நீங்கதானே இத்தனை நாள் கேட்டீங்க? ஃபைனல் காப்பி காலையிலயே போயிடுச்சு. இனிமே கை வைக்க முடியாது சார்." கெஞ்சினேன். கோபப்பட்டேன். மேலே இருக்கிறவரிடம் கொடு என்றேன், கொடுத்தாள். அவர் இன்னும் மரியாதையாக முடியாது என்றார். தெருவில் நின்று கத்தியதில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

உள்ளே வந்தபோது அக்கா கேக்கை வெட்டித் தட்டில் வைத்திருந்தார்.

"சொல்லிட்டீங்களா? எடுத்துடுவாங்களா?"

"எடுத்துட்டாங்கக்கா" என்றேன்.

"நல்லது தம்பி. சாப்புடுங்க."

சாப்பிட்டேன். படம் இப்போது எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறது, அவர் பெயர் தனியாக, நான் கேட்ட அதே இடத்தில் வருகிறது. அவருக்குப் பேரப்பிள்ளைகள் உண்டு, இளைய மகள் வழியில், இரண்டு பேர். இருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது.