வலி சொல்லாத நூற்றிருபது பேர்

ராணுவப் பயிற்சி மையத்தின் மருத்துவப் பிரிவில் நான் எக்ஸ்ரே எடுப்பவன். பத்தொன்பது வருடமாக அடுத்த அறையில் அக்கா. உடன்பிறந்தவர் அல்ல, ஆனால் திட்டுவதில் உடன்பிறந்தவர்களுக்கு ஒரு படி மேல். பிசியோதெரபி படித்து, அதற்கு மேல் ஆராய்ச்சிப் பட்டமும் வாங்கியவர். பயிற்சிக்கு வரும் பையன்கள் அவருக்கு வைத்த பெயர் ‘முட்டி டாக்டர்’.

அடிபட்டவனைக் குணமாக்குவது டாக்டர்களின் வேலை. அடியே படாமல் பார்த்துக்கொள்ள வழி தேடுவது அக்காவின் வேலை. உடையாத எலும்புக்கு யார் கைதட்டப் போகிறார்கள்? வீட்டில் அத்தான், பள்ளிக்கூட வாத்தியார், “அந்தப் பசங்க காலைத் தவிர உனக்கு வேற நெனப்பே இல்ல” என்று அலுத்துக்கொள்வார். இத்தனைக்கும் அக்காவுக்கே மூன்று வருடமாக இடது முட்டியில் வலி. “வாங்கக்கா, ஒரு படம் எடுத்துடலாம்” என்றால், “போடா, போய் வேலையப் பாரு” என்பார். ஊருக்குத்தான் உபதேசம்.

புதிதாகச் சேர்பவர்கள் முதல் நாளிலிருந்தே பூட்ஸ் போட்டுத் தினமும் ஓட வேண்டும். எலும்பு அந்தச் சுமைக்குப் பழகுவதற்குள் அதில் மயிரிழை போல விரிசல் விழும். முந்தைய அணியில் நூற்றிருபது பேரில் முப்பத்தெட்டுப் பேருக்குக் காலில் அடி. முதல் எட்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடட்டும், அதுவும் கேன்வாஸ் ஷூவில் என்பது அக்காவின் திட்டம். ஆறு வருடம் மேசை மேசையாக எழுதிப் போட்டு, செருப்புத் தேய நடந்து, கடைசியில் ஒரே ஓர் அணியில் சோதித்துப் பார்க்க அனுமதி வாங்கினார். எண்ணிக்கை குறைந்தால் திட்டம் நிலைக்கும். இல்லையென்றால் அதோடு சரி.

அந்த அணியிலும் நூற்றிருபது பேர். முதல் நாள் அன்று சந்தோஷத்தில் அக்கா வாயை விட்டார். “உங்க அணியில அடிபடுறவங்க கொறஞ்சாத்தான்பா, பின்னால வர்ற தம்பிங்க கால் தப்பிக்கும்!” என்று பையன்களிடமே சொல்லிவிட்டார். சோதிக்கப்படுகிறவனிடம் என்ன முடிவு வேண்டும் என்று சொல்லக் கூடாது. அக்காவுக்குத் தெரியாததா? எனக்கும் தெரியும். பக்கத்தில்தான் நின்றேன், மரமண்டை மாதிரி தலையாட்டிக்கொண்டு.

பதினோராம் வாரம் முடிந்தபோது வலி என்று வந்தவர்கள் மூன்றே பேர். “மூணா? நல்லாப் பாத்தியா?” என்று என்னிடம் நாலு தரம் கேட்டார். பிறகு டீ வரவழைத்து எல்லோருக்கும் கொடுத்தார். அவர் அப்படிச் சிரித்து வெகு காலமாயிற்று.

கடைசி வாரம், மூட்டை சுமந்து ஓடும் நீண்ட ஓட்டத்தில் ஒரு பையன் விழுந்தான். நெட்டையாக, ஒல்லியாக இருப்பான்; கூட்டாளிகள் ‘ஒட்டடைக்குச்சி’ என்பார்கள். படம் நான்தான் எடுத்தேன். இடுப்பை ஒட்டித் தொடையெலும்பு இரண்டாகப் போயிருந்தது. அது ஒரே நாளில் உடைகிற இடமில்லை.

“எத்தன நாளா வலிச்சுது?” என்று கேட்டார் அக்கா.

“ஒரு மாசமா,” என்றான்.

அக்கா நேரே பையன்களின் தங்குமிடத்துக்குப் போனார். ஒவ்வொருவனையும் கட்டிலில் உட்கார வைத்துக் கணுக்காலிலிருந்து முட்டி வரை கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு “வலிக்கல அம்மா” என்றவர்களையெல்லாம் என்னிடம் அனுப்பினார். மாலைக்குள் மூன்று, இருபத்தொன்று ஆனது.

“அறிக்கையில மூணுன்னே எழுதிடுங்கக்கா, தலையா போயிடும்?” என்றேன். முறைத்தார். இருபத்தொன்று என்று எழுதி, ‘இவர்கள் வலியை மறைக்கக் காரணம் நான் சொன்ன சொல்’ என்று கீழே சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

மையத்தின் தலைமை அதிகாரி நல்ல மனுஷன்தான். “முதல்ல மூணுன்னீங்க. இப்ப இருபத்தொண்ணு. அடுத்த வாரம் எத்தனைம்மா சொல்வீங்க?” என்றார். முப்பத்தெட்டுக்கு இருபத்தொன்று எவ்வளவோ குறைவு என்று எனக்குக் கத்தத் தோன்றியது. அக்கா வாதாடவில்லை. “கணக்கு கெட்டுப்போச்சு சார். செல்லாதுன்னே போட்டுக்குங்க,” என்றார். அடுத்த அணிக்கு முதல் நாளிலிருந்தே பூட்ஸ் என்று உத்தரவு வந்தது. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. அதற்குள் இன்னோர் அணி கிடைக்காது என்று இருவருக்குமே தெரியும்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒட்டடைக்குச்சிக்கு எலும்பில் மூன்று திருகாணி முடுக்கியிருந்தார்கள். இனி அவன் ராணுவத்தில் ஓட முடியாது. அக்காவைக் கண்டதும் எழப் பார்த்தான்.

“அம்மா, உங்க திட்டம் பாஸாயிடுச்சா?”

“இல்லப்பா. நிறுத்திட்டாங்க.”

அவன் முகம் சுருங்கிப் போயிற்று. “என்னாலதான். இன்னும் நாலு நாள் தாங்கியிருந்தா முடிஞ்சிருக்கும். முடியல அம்மா. மன்னிச்சிடுங்க.”

அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “அப்படிச் சொல்லாதடா, சொல்லாதடா” என்று வார்டே திரும்பிப் பார்க்க அழுதார்.